பால் கூடினால் சினை பிடிக்காதா? கறவை மாடு வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாடு வைத்திருப்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் பட்டியாக, அதாவது மந்தையாக வைத்து, வட்டையிலும் (வயல்வெளி) காட்டோரத்திலும் மேய்ப்பவர்கள் ஒரு வகை. கடலோரமான எழுவான்கரையில் வீட்டு வளவுக்குள் இரண்டு மூன்று கலப்பினப் பசுவைக் கட்டி வைத்து, காலையில் கானைத் தூக்கிக்கொண்டு பால் சேகரிக்கும் இடத்துக்கு ஓடுபவர்கள் மற்ற வகை. தீன், செலவு, வருமானம் எல்லாமே இவர்களுக்கு வேறு வேறுதான். ஆனால் குறை ஒன்றுதான்: கன்று போட்டு எத்தனையோ மாதம், மாடு இன்னும் சினைப்படவில்லை. அதைச் சுற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அண்ணன், பால் கூடக் கறக்கிற மாட்டுக்குச் சினை நிற்காது என்று பால் எடுக்க வருகிறவர் சொல்கிறார். உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் மற்றப் பாதி விளங்கும்.

அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் மாடுகளில், அதாவது நாங்கள் பிரீசியன் என்று சொல்கிற கறுப்பு வெள்ளை மாடுகளில், 1950களின் தொடக்கத்தில் முதல் சினைப்படுத்தலிலேயே மூன்றில் இரண்டு பங்கு மாடுகளுக்குச் சினை நின்றது. 2000ஐ நெருங்கும்போது அது நூற்றுக்கு 40 அளவுக்கு இறங்கிவிட்டது. அதே ஐம்பது வருடத்தில் ஒரு மாடு வருடத்துக்குக் கறக்கும் பால் மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான், பால்தான் சினையைக் கெடுத்தது என்று. ஆனால் அதே இனத்து நாகுகள், இன்னும் ஒரு கன்றும் போடாதவை, முன்பு போலவே நன்றாகச் சினைப்பட்டுக்கொண்டிருந்தன. அப்படியானால் கோளாறு இரத்தத்தில் மட்டும் இல்லை, பால் கறக்கத் தொடங்கிய பிறகு உடம்புக்குள் நடக்கிற ஏதோ ஒன்றிலும் இருக்கிறது.

பரம்பரையிலும் பங்கு உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. பாலை மட்டும் பார்த்துக் காளை தெரிவு செய்தால் சினைப்படும் திறன் மெல்ல மெல்லக் குறையும். வட ஐரோப்பிய நாடுகள் 1970களிலிருந்தே காளை தெரிவில் சினைப்படும் திறனையும் சேர்த்துப் பார்த்தன. அமெரிக்கா 2003இல்தான் காளைகளின் மகள்கள் எவ்வளவு எளிதாகச் சினைப்படுகின்றன என்று கணக்கெடுத்து வெளியிடத் தொடங்கியது. அதற்குப் பிறகு சரிவு நின்று, சினை வீதம் மெதுவாக மேலே வந்தது, பாலும் கூடிக்கொண்டேதான் போனது. ஆக இரண்டும் ஒன்றையொன்று தின்னும் என்று கட்டாயம் இல்லை. பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் உங்கள் ஊரிலேயே பாருங்கள், கூடப் பால் எடுக்கிற வளவுகளில்தான் பெரும்பாலும் மாடு நேரத்துக்குச் சினைப்பட்டிருக்கும், ஏனென்றால் அங்கே தீன் போடுகிறார்கள்.

எங்கட மாடு நாலு லீட்டர்தான் தருது. கன்று போட்டு ஏழு மாதம், இன்னும் காளை தேடவில்லை. இதற்கும் பால்தான் காரணம் என்றால் எப்படி?

இதுதான் இங்கே உண்மையான கேள்வி. லீட்டரை மட்டும் பார்க்கக் கூடாது, அந்த லீட்டருக்கு மாடு என்ன தின்றது என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

350 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு சும்மா உயிரோடு நிற்பதற்கே ஒரு நாளைக்குச் சுமார் 40 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒவ்வொரு லீட்டர் பாலுக்கும் ஏறக்குறைய 5 மெகாஜூல். நாலு லீட்டருக்கு 20. மொத்தம் 60. இனி வரவு என்ன? வைக்கோல் ஒரு கிலோவில் 6 மெகாஜூல் அளவுதான் இருக்கிறது, புரதம் நூற்றுக்கு நாலு பங்கு கூட இல்லை, அதனால் வயிற்றில் மெதுவாகத்தான் செரிக்கும், ஒரு நாளைக்கு ஆறு கிலோவுக்கு மேல் தள்ளித் தின்ன மாட்டாது. அப்படியே தின்றாலும் 36. பசு உயிரோடு நிற்கவே அது போதவில்லை, பால் எங்கிருந்து வரும்? உடம்பில் இருந்த கொழுப்பிலிருந்தும் சதையிலிருந்தும் வருகிறது. இதில் புல் தேடி வெயிலில் ஐந்தாறு கிலோமீற்றர் நடந்த செலவை நான் சேர்க்கவே இல்லை. கன்று குடித்த பாலையும் சேர்க்கவில்லை, நாலு லீட்டர் என்பது உங்கள் வாளிக்குள் வந்தது மட்டும்தான்.

வைக்கோல் மட்டும் தின்கிற மாட்டுக்கு நாலு லீட்டரே பெரிய கறவை. அவுஸ்திரேலியாவில் முப்பது லீட்டர் கறக்கிற மாடு படுகிற அதே பாட்டை, படுவான்கரையில் இரண்டு லீட்டர் கறக்கிற மாடும் படும், தீன் இல்லாவிட்டால். ‘பால் குறைந்த மாடுதானே, அதற்கு எதற்குத் தீன்’ என்று விடுவது இங்கே பெரும் வழக்கமாக இருக்கிறது, எனக்கு இதில் கோபமே உண்டு.

தீன் குறைந்தால் பால்தானே குறைய வேண்டும்? சினை ஏன் நிற்காமல் போகிறது?

பிறந்துவிட்ட கன்றுக்குத்தான் உடம்பு முதல் இடம் கொடுக்கும், இனி வரப்போகும் கன்றுக்குக் கடைசி இடம். கன்று போட்ட நாலாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் பால் உச்சத்துக்கு ஏறிவிடும். தின்னும் அளவோ அதற்கும் சில வாரம் பிந்தித்தான் உச்சத்துக்கு வரும். நடுவில் இருக்கிற இந்த இடைவெளியில் மாடு, நகையை அடகு வைத்துக் குடும்பம் நடத்துகிற மாதிரி, தன் உடம்பை உருக்கிப் பால் தருகிறது. நல்ல பண்ணையிலும் இது கொஞ்சம் நடக்கும், அதில் தப்பில்லை. எவ்வளவு உருகுகிறது, எத்தனை மாதம் உருகுகிறது என்பதில்தான் விஷயம்.

உருகிக்கொண்டிருக்கும் மாட்டில் மூளை சினைப்பைக்கு விட்டு விட்டு அனுப்புகிற ஹோர்மோன் குறைந்துபோகும், இரத்தத்தில் இன்சுலினும் அதோடு சேர்ந்த வளர்ச்சிப் பொருளும் குறையும். அதனால் முட்டைக் கொப்புளம் வளரும், ஆனால் முற்றி வெடிக்காது. வெடிக்காவிட்டால் மாடு காளை தேடுகிற வேட்கையும் இல்லை. இன்னொன்று, ஒரு முட்டை முற்றுவதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். இன்று நீங்கள் சினை ஊசி (செயற்கை முறைச் சினைப்படுத்தல்) போடும்போது வெடிக்கிற முட்டை, கன்று போட்ட கையோடு மாடு பட்டினி கிடந்த நாட்களில் வளர்ந்தது. ‘போன மாதத்திலிருந்து புண்ணாக்கு வைக்கிறேன், இன்னும் நிற்கவில்லையே’ என்பவர்களுக்கு இதுதான் பதில், இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

மாடு மெலிந்திருக்கிறதா, போதுமான உடம்பு இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? தராசு இல்லை.

தராசு வேண்டாம், பின்னால் போய் நின்று பாருங்கள். வால் தொடங்குகிற இடத்தின் இரண்டு பக்கமும் குழி விழுந்திருக்கிறதா? இடுப்பு எலும்பு இரண்டும் கூர்மையாக, சட்டை தொங்கவிடலாம் போல நிற்கிறதா? பிறகு பக்கத்தில் வந்து இடுப்புக்கும் கடைசி விலாவுக்கும் நடுவில் உள்ள முள்ளெலும்பின் நுனிகளில் உள்ளங்கையை வையுங்கள். கை வைக்காமலே அவற்றை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தால் மிகவும் மெலிவு. இலேசாக அழுத்தினால் எலும்பு தட்டுப்படுகிறது என்றால் சரி. எவ்வளவு அழுத்தியும் எலும்பே தெரியவில்லை என்றால் கொழுப்புக் கூடிவிட்டது.

இதை ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளியாகப் போடுவார்கள். கன்று போடும்போது மூன்று, மூன்றரை இருப்பது நல்லது. அதன் பிறகு அரைப் புள்ளி இறங்கினால் பரவாயில்லை. ஒரு புள்ளிக்கு மேல் இறங்கினால் சினைக்கு வீண் அலைச்சல்தான். நாலுக்கு மேல் கொழுத்துக் கன்று போடுகிற மாடும் நல்லதில்லை, கன்று போட்டதும் தீனை மறுத்து, ஈரலில் கொழுப்பேறிப் படுத்துவிடும். இங்கே அது அபூர்வம், கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை அள்ளிப் போடுகிற வளவுகளில் கண்டிருக்கிறேன், ஆனால் அங்கே முதலில் வருவது வயிற்று அமிலம்.

கன்று போட்டு எத்தனை நாளில் ஊசி போடலாம்?

கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஐந்தாறு வாரம் வேண்டும். அதனால் 45 நாளுக்கு முன் வேண்டாம், 60 நாளிலிருந்து போடலாம். வருடத்துக்கு ஒரு கன்று என்று கணக்கு வைத்தால், சினைக்காலம் 280 நாள் போக மிஞ்சுவது 85 நாள்தான். இங்கே அதை எட்டுகிறவர்கள் குறைவு, 13 மாதம் 14 மாதத்துக்கு ஒரு கன்று எடுத்தாலே நான் கெட்டிக்காரர் என்பேன். 12 லீட்டருக்கு மேல் கறக்கிற மாடு என்றால் இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் போட்டாலும் நட்டமில்லை.

வேட்கையே தெரியவில்லை. கத்தவும் இல்லை, பாயவும் இல்லை.

பகலில் பார்க்கிறீர்கள், அதுதான் பிரச்சினை. கச்சான் காற்று அடிக்கிற வைகாசி முதல் ஆவணி வரை பகல் முழுக்க மாடு நிழலில் சோர்ந்து கிடக்கும், வேட்கைக்கு வந்தாலும் இரவிலும் விடியப்புறத்திலும்தான் காட்டும். கலப்பின மாட்டில் வேட்கை நிற்கும் நேரம் 12 மணித்தியாலம் போல, சிலவற்றில் அதிலும் பாதி. கட்டிப்போட்ட ஒற்றை மாடு யார் மேல் பாயும்?

கூடப் பால் கறக்கிற மாட்டில் இது இன்னும் குறுகும். நிறையத் தின்கிற மாட்டுக்கு ஈரல் வழியாக ஓடும் இரத்தமும் நிறைய, ஈரல்தான் வேட்கை தரும் ஹோர்மோனை உடைத்து வெளியேற்றுகிற இடம். அதனால் ஹோர்மோன் உருவான வேகத்திலேயே கரைந்துபோகும், வேட்கை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பால் நேரடியாகச் சினையைப் பாதிக்கிற இடம் என்றால் இதைத்தான் சொல்லலாம்.

பார்க்க வேண்டியது: பெண்குறியிலிருந்து கண்ணாடி போலத் தெளிவாக, அறாமல் தொங்குகிற கோழை. அது வாலிலும் பின்தொடையிலும் ஒட்டிக் காய்ந்திருக்கும், விடிய மாட்டுக்குப் பின்னால் போய் ரோர்ச் அடித்துப் பாருங்கள். பெண்குறி வீங்கிச் சிவந்திருக்கும், பால் அன்று ஒரு லீட்டர் குறையும், தீனில் மனம் இருக்காது. மற்ற மாடு மேலே ஏற, விலகாமல் நிற்கிறதுதான் உறுதியான அடையாளம், ஏறுகிற மாடு இல்லை, நிற்கிற மாடு. விடிய கண்டால் அன்று பின்னேரம் ஊசி, பின்னேரம் கண்டால் மறுநாள் விடிய. ஒரு நாள் கழித்து வாலில் இரத்தம் பட்டிருந்தால் வேட்கை போய்விட்டது என்று அர்த்தம். கலண்டரில் குறித்துவையுங்கள், அடுத்தது 18ஆம் 19ஆம் நாளிலிருந்து வரும், மொத்தச் சுற்று 21 நாள். இரத்தம் கண்ட அன்றைக்கு ஊசி போடுகிறவரைக் கூப்பிட வேண்டாம், காசுதான் வீண்.

மூன்று தரம் ஊசி போட்டாச்சு காக்கா, திரும்பத் திரும்ப வேட்கைக்கு வருது. மாடு மலடாகிவிட்டதா? (சம்மாந்துறையிலிருந்து வந்த கேள்வி, காக்கா என்றால் அங்கே அண்ணன்)

ஒழுங்காக 21 நாளுக்கு ஒருதரம் வேட்கைக்கு வருகிற மாடு மலடு இல்லை. முதலில் நேரம் சரியா என்று பாருங்கள், இங்கே பாதிக்கு மேற்பட்டவை அதில்தான் போகின்றன. ஊசி போடுகிறவருக்கு ஒரு நாளில் பல ஊர், நீங்கள் விடிய தொலைபேசி எடுத்தால் அவர் வருகிற நேரம் அவருடைய வசதி. அதனால் எத்தனை மணிக்கு முதலில் கண்டீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நேரம் சரியென்றால் கோழையைப் பாருங்கள். கலங்கலாக, வெள்ளைத் துணுக்குகளோடு வந்தால் கருப்பையில் அழற்சி. கன்று போட்டபோது இளங்கொடி (நஞ்சுக்கொடி) ஒரு நாளுக்கு மேல் தங்கியிருந்ததா, யாராவது கையை விட்டு இழுத்தார்களா? பெரும்பாலும் அங்கேதான் தொடங்கியிருக்கும். (விழுந்த இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டால் பால் பெருகும் என்று செய்வார்கள். நாய் இழுக்காமல் இருக்கும், அந்த அளவில் நல்லதுதான்.) கால்நடை வைத்தியரிடம் காட்டிக் கழுவி, ஒரு சுற்று விட்டுப் போடுங்கள்.

வெயிலையும் மறக்க வேண்டாம். சினை நின்ற முதல் வாரத்தில் கரு சூட்டைத் தாங்காது. மாட்டின் உடம்புச் சூடு ஒரு பாகை ஏறினாலே கரு அழிந்துபோகலாம், நீங்கள் காண்பது 21ஆம் நாள் திரும்பி வந்த வேட்கையை மட்டும்தான். ஊசி போட்ட மாட்டை அந்த ஒரு வாரமாவது மதிய வெயிலில் அலைய விடாதீர்கள்.

கன்று ஊட்டுவதால் சினை பிந்துமா?

பிந்தும். கன்று மடியை முட்டி உறிஞ்சுகிறதும், அது தன் கன்று என்று தாய் முகர்ந்து அறிகிறதும், மூளையிலிருந்து வருகிற அந்த ஹோர்மோனைக் கட்டிவைக்கும். நாட்டு மாட்டிலும் எருமையிலும் இது மிகவும் கூட. அதற்காகக் கன்றைப் பிரித்துப் பட்டினி போடச் சொல்லவில்லை, கன்று செத்தால் பாலும் போகும், அடுத்த தலைமுறையும் போகும். நம்ம பட்டிகளில் பின்னேரம் கன்றை அடைத்து, விடிய பால் எடுத்த பிறகு தாயோடு விடுகிற பழக்கம் ஏற்கனவே உண்டு. இரண்டு மாதம் கழிந்ததும், பகலிலும் கன்றைத் தனியாக வைத்துப் புல்லும் தவிடும் பழக்கி, காலையும் மாலையும் மட்டும் ஊட்ட விட்டால் தாய் சீக்கிரம் வேட்கைக்கு வரும். தாயின் உடம்பு மிகவும் மெலிந்திருந்தால் இதுவும் வேலை செய்யாது.

எருமைக்கும் இதே கணக்குத்தானா?

ஏறக்குறைய. சினைக்காலம் பத்து மாதத்துக்கு மேல், 310 நாள் போல. வேட்கையைச் சத்தம் போட்டுக் காட்டாது, குளிர்ந்த மாதங்களில்தான் கூடுதலாக வரும், உழக்கித் திரியத் தண்ணீர் இல்லாவிட்டால் இன்னும் மோசம். எருமைத் தயிருக்கு இருக்கிற விலைக்கு ஆசைப்பட்டுக் கன்றை ஒதுக்கி முழுப் பாலையும் கறக்கிறார்கள், கன்று தேறாவிட்டால் பட்டி இரண்டே தலைமுறையில் சுருங்கும். எருமைக்குக் காளைதான் எளிது, நல்ல கடா ஒன்றைப் பட்டியோடு விடுங்கள்.

பட்டி மாட்டுக்கு யார் புண்ணாக்கு வைப்பது? நூறு மாடு நிற்கிறது.

யாரும் வைக்க முடியாதுதான். பட்டி மாட்டின் சினையைத் தீர்மானிப்பது மேய்ச்சல். மாரி மழையில் புல் கண்டு உடம்பு தேறிய மாடு தை, மாசியில் சினைப்பட்டால் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கன்று போடும். அறுவடை முடிந்து வட்டை திறந்ததும், அறுத்த வயலில் மிஞ்சுகிற ஒட்டுக்கட்டையில் இன்னொரு முறை உடம்பு தேறும். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி எல்லாம் கருகி நிற்கும்போது கன்று போட்ட மாடு, அடுத்த மழை வரைக்கும் சினையை நினைக்காது.

பெரும்போகம் (மாரிகால நெல்) விதைத்ததும் மாட்டை வட்டையை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டும், போக இடம் வேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023இல் சித்தாண்டியில் தெருவோரம் குந்தியிருந்ததை எல்லோரும் காணி வழக்காகத்தான் பார்த்தார்கள். காணி வழக்குத்தான், ஆனால் மேய்ச்சல் தரை சுருங்கினால் அடுத்த வருடக் கன்றுக் கணக்கும் சுருங்கும், எந்த ஊசியாலும் அதை ஈடுகட்ட முடியாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் செத்தன. உடம்பில் கொழுப்பில்லாத மாடு குளிரையும் தாங்காது, சினையையும் தாங்காது.

பட்டிக்காரர் கையில் இருக்கிறது மூன்று விஷயம். வயது போன, வருடக்கணக்கில் கன்று போடாத மாட்டை வறட்சிக்கு முன்பே கழித்து, இருக்கிற புல்லை மற்றவற்றுக்கு விடுவது. தாது உப்புக்கட்டி தொங்கவிடுவது. மூன்று வருடத்துக்கு ஒரு தரம் காளையை மாற்றுவது. அதே காளை நின்றால் தன் மகள்களையே சினைப்படுத்தும், கன்று சிறுக்கும், சினை நிற்பதும் குறையும். தூரத்துப் பட்டிக்காரரோடு காளையை மாற்றிக்கொண்டால் செலவும் இல்லை.

பிரீசியன் ஊசியா, ஜேர்சியா, சாஹிவாலா?

நமது வெயிலுக்கும் தீனுக்கும் ஜேர்சிக் கலப்பு அல்லது சாஹிவால் கலப்பு. உடம்பு சிறிது, அதனால் உயிர் நிற்கத் தேவையான தீன் குறைவு, சூட்டையும் கொஞ்சம் தாங்கும். பிரீசியன் இரத்தம் பாதிக்கு மேல் போனால் பாலும் கூடும், சூடும் கூடும், ஏனென்றால் பால் உருவாகும்போதே உடம்பில் வெப்பம் பிறக்கிறது. நுவரெலியாவில் நிற்கிற மாட்டைப் பார்த்து ஆசைப்பட்டுக் களுவாஞ்சிகுடி மணலில் கட்டினால் மாடு மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும், வேறொன்றும் நடக்காது. தீன், நிழல், தண்ணீர் மூன்றும் இருக்கிற வளவு என்றால் வேறு கதை.

காளையின் பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அமெரிக்காவில் 1962இல் பிறந்த சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளை அந்த இனத்தின் பாலையே உயர்த்தியது, பல ஆயிரம் மகள்கள். அதன் இரத்தத்தில் ஒரு கேடும் ஒளிந்திருந்தது, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்து சேர்ந்த கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். மரபணு பார்க்கும் வசதி வந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது.

சினை நிற்கிறது, ஆனால் ஏழாம் எட்டாம் மாதத்தில் கலைந்துபோகிறது.

இதைத் தீனோடு குழப்ப வேண்டாம். புருசெல்லோசிஸ் ஆக இருக்கலாம், கிழக்குப் பட்டிகளுக்கு அது புதிய நோயில்லை. கலைந்த கன்றையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள், நாய்க்கு விடாதீர்கள். மனிதருக்கும் தொற்றும், விட்டு விட்டு வருகிற காய்ச்சல், மூட்டு வலி. பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது. கால்நடை வைத்திய அலுவலகத்தில் சொல்லி இரத்தம் பார்க்க வேண்டும், பெண் கன்றுகளுக்குச் சிறு வயதிலேயே போடுகிற தடுப்பூசி உண்டு. கலைந்த மாட்டைச் சொல்லாமல் சந்தையில் விற்பது அடுத்தவன் பட்டிக்கு நெருப்பு வைக்கிற வேலை.

ஹோர்மோன் ஊசி போட்டால் வேட்கை வரும் என்கிறார்களே?

வரும், எல்லா மாட்டுக்கும் இல்லை. சாதாரணமாகப் போடுகிற ஊசி, ஏற்கனவே முட்டை வெடித்துச் சுற்று ஓடிக்கொண்டிருக்கிற மாட்டில்தான் வேலை செய்யும். மெலிந்து சுற்றே நின்றுபோன மாட்டுக்கு அதைப் போடுவது காசைக் கரைப்பது. மாடு சினையாக இருந்து, தெரியாமல் போட்டுவிட்டால் சினை கலையும். அதனால் வைத்தியர் கை விட்டுப் பார்த்த பிறகுதான். கர்ப்பிணிப் பெண்கள் அந்த மருந்தைத் தொடவே கூடாது.

சரி, அப்போ என்ன தீன் போடுவது? புண்ணாக்கு விலை தெரியும்தானே.

முழு வருடமும் போடச் சொல்லவில்லை. கன்று போடுவதற்கு முந்திய மாதமும் போட்ட பிறகு மூன்று மாதமும், அந்த நாலு மாதத்தில் காசைப் போடுங்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு போடுகிற புண்ணாக்கு பாலுக்கு உதவும், நேரத்துக்குச் சினைப்பட அது பிந்திவிட்டது. தேங்காய்ப் புண்ணாக்கு ஒரு கிலோ, கிட்டத்தட்ட இரண்டு கிலோ வைக்கோலுக்குச் சமமான சக்தி, புரதமும் நூற்றுக்கு இருபது. தவிடு வாங்கும்போது உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள், சுணை குத்தினால் உமி கலந்தது, வயிறு நிரம்பும், வேறு ஒன்றும் இல்லை.

வேலியில் கிளிசரிடியா நிற்காத வளவு இருக்கிறதா? அதன் இலையை வெட்டி ஒரு நாள் வாட விட்டுப் போடுங்கள், புண்ணாக்குக்கு நிகரான புரதம், காசு இல்லை. முதலில் முகர்ந்துவிட்டு விலகும், கொஞ்சம் தவிடு தூவிப் பழக்க வேண்டும். கிணற்றடியில் தண்ணீர் போகிற இடத்தில் சி.ஓ.3 என்கிற தீன்புல் நட்டால் ஒன்றரை மாதத்துக்கு ஒரு வெட்டு வரும்.

அறுவடைக்குப் பிறகு வட்டையில் கொளுத்துகிற வைக்கோலைப் பார்க்கும்போது வயிறு எரியும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, தறப்பாளால் காற்றுப் புகாமல் இரண்டு மூன்று வாரம் மூடிவைத்தால் நன்றாகச் செரிக்கும், மாடு கூடவும் தின்னும். போடுவதற்கு முதல் நாளே எடுத்துப் பரப்பி மணத்தைப் போகவிடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. யூரியா கரைத்த வாளியை மாடு எட்டுகிற இடத்தில் வைக்கவே கூடாது, குடித்தால் பிழைக்காது.

சினைப்பட்டால் பால் குறைந்துவிடும் என்று பயந்து ஊசியைத் தள்ளிப்போடுகிறார்கள். சரியா?

சரியில்லை. சினையால் பால் குறைவது ஐந்தாம் மாதத்துக்குப் பிறகுதான் தெரியும், அதுவும் கொஞ்சம். மாடு சினைப்படாவிட்டாலும் உச்சத்துக்குப் பிறகு மாதாமாதம் பால் இறங்கிக்கொண்டேதான் போகும். ஆறு வருடத்தில் வருடத்துக்கு ஒரு கன்று என்றால் ஆறு தடவை அந்த உச்சத்தைக் காண்பீர்கள், ஒன்றரை வருடத்துக்கு ஒன்று என்றால் நாலு தடவை. கடைசியில் ஒரு லீட்டருக்காக வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட அடுத்த கன்று மேல். கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போது கறப்பதை நிறுத்தி மடியை ஆற விட வேண்டும், அந்த இரண்டு மாதத்துக் கஞ்சத்தனம் அடுத்த கறவையில் தெரியும்.

எட்டு லீட்டர் கறக்கிற மாடு, ஒரு வருடமாகச் சினை இல்லை. விற்றுவிடட்டா?

விற்பதற்கு முன் வைத்தியரைக் கொண்டு கை விட்டுப் பாருங்கள், ஏற்கனவே சினையாக இருக்கலாம், கவனிக்காமல் பக்கத்துக் காளை வேலையை முடித்திருக்கும், அப்படி விற்று ஏமாந்தவர்கள் உண்டு. சினை இல்லை, சினைப்பையில் சுற்றும் ஓடவில்லை, உடம்பும் மெலிவு என்றால் இரண்டு மூன்று மாதம் தீன் போட்டுப் பார்க்கலாம், வயது ஏழெட்டுக்குள் இருந்தால். உடம்பு நன்றாக இருந்து, சுற்றும் ஓடி, நேரத்துக்குப் போட்ட நாலு ஊசியும் நிற்கவில்லை என்றால் இன்னும் செலவழிப்பது புத்தியில்லை. எட்டு லீட்டர் ஐந்தாக இறங்கும்வரை கறந்துவிட்டு, புல் உள்ள காலத்தில் விற்றுவிடுங்கள். அதன் பெண் கன்று வளவில் நின்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.